முள்கம்பியும் சந்தாப் புத்தகமும்

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கதையை எல்லாரும் 1954-இல் தொடங்குவார்கள். நெகிரி செம்பிலானின் அம்பாங்கான்காரர்களான எங்களுக்கு அது ஒப்பாது. ஜப்பான்காரன் போன கையோடு இம்மாநிலத்தில் முளைத்த நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில்தான் பி. பி. நாராயணன் செயலாளராக இருந்து தொழிற்சங்கம் பழகினார். அந்த வேரை விட்டுவிட்டுக் கிளையை மட்டும் இந்த மலரில் அச்சிடுவது முறையல்ல.

அதே காலத்தில் இன்னொரு சங்கக் கொடியும் தோட்டங்களில் பறந்தது. எஸ். ஏ. கணபதி தலைமையேற்ற அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் செங்கொடி அது. 1948 ஜூனில் அரசு சங்கச் சட்டத்தைத் திருத்தியது. அந்தந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் உள்ளவரே பொறுப்புக்கு வரலாம். வெவ்வேறு தொழில்காரர்கள் ஒரே சம்மேளனமாகச் சேரக்கூடாது. சம்மேளனம் அத்தோடு போயிற்று. ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட, 18-ஆம் தேதி நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. போர் என்று எழுதினால் லண்டன் காப்பீட்டுக் கம்பெனிகள் தோட்டங்களுக்கு நஷ்டஈடு தராதாம். அதனால்தான் இந்தப் பெயர் என்பார்கள். துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகக் கணபதி 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு பரிந்து பேசியும் பலிக்கவில்லை. அவர் பாதை நம் சங்கத்தின் பாதையல்ல. ஆனாலும் அவர் பெயர் இந்த மலரில் இருக்கட்டும்.

பிறகு முள்கம்பி வந்தது. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டப்படி, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகாமலிருக்க, சிதறிக்கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி வேலி போட்டார்கள். லயத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வது கேட்டைப் பற்றித்தான். விடியும்வரை ஊரடங்கு. விடிந்ததும் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். பால் வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், மடியை உதற வேண்டும். ஒரு பிடி சோறு அகப்பட்டால் காட்டிலிருப்பவனுக்கு எடுத்துப் போவதாகத்தான் பொருள். சார்டின் டின்னைக்கூடக் கடைக்காரர் குத்தித் துளைபோட்டுத்தான் தருவார், உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவைக்க முடியாதபடி. இரவில் காட்டுக்காரர்கள் வந்தால் அடையாள அட்டையைப் பிடுங்குவார்கள், மரங்களைச் சிதைப்பார்கள். மரம் போனால் மறுநாள் கூலியும் போயிற்று.

இந்த இரண்டுக்கும் நடுவில் சந்தாப் புத்தகத்தோடு நடப்பது லேசான காரியமல்ல. போலீஸுக்குச் சந்தா வசூலிப்பவன் சிவப்பு, காட்டுக்கு அவன் வெள்ளைக்காரன் கையாள். வெள்ளைக்காரன் வளர்த்த சங்கம் என்ற ஏச்சு இன்றும் உண்டு. அதில் பாதி உண்மை. சங்கங்களுக்கு வழிகாட்ட பிரேசியர் என்ற ஆலோசகரை அரசே அமர்த்தியிருந்தது. ஆனால் மாதச் சந்தாவைக் கொடுத்தது பிரேசியர் அல்ல, பால்வெட்டுக்காரர்கள். அவர்கள் காசில் தாக்குப்பிடித்த தனித்தனிச் சங்கங்கள்தான் 1954-இல் ஒன்றாயின. பொதுச்செயலாளர் நாராயணன்.

1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது. அதே பிரிக்ஸ் திட்டப்படி புதுக்கிராமங்களில் கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்ட ஏறத்தாழ 5 லட்சம் பேரில் பெரும்பாலோர் சீனர்கள். பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் காலப்போக்கில் பலருக்கு வீட்டுமனையாவது எழுத்தில் கிடைத்தது. நம்மவர்களை வேலிக்குள் கூட்டியது தோட்டத்து நிலத்திலேயே. வேலியைப் பிரித்தபோது லயம் கம்பெனியுடையதாகவே இருந்தது. கூலிக்குப் பேசக் கற்ற சங்கம் அன்று நிலத்துக்குப் பேசவில்லை. அதை நாமே ஒத்துக்கொள்ள வேண்டும்.

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கவும் வாங்கியவர்கள் துண்டுபோடவும் தொடங்கியபோதுதான் அதன் வலி தெரிந்தது. வேலை போனால் கூரையும் போயிற்று. ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி லயம் லயமாகப் போய்ப் பங்கு சேர்த்தார். மறு ஆண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்தப் பக்கம் ஒருநாளும் போயிராத தொழிலாளிகளும் அதற்குப் பங்குதாரர்கள். அதுவரை அவர்கள் பெட்டியில் பத்திரப்படுத்திய தாள் சந்தா ரசீது ஒன்றுதான்.