கப்பல் பாரத்தில் பிறந்த தோட்டம்

1772இல் ஐஸ்லாந்துக்குப் போன தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், திரும்பும்போது கப்பல் ஆடாமலிருக்க அடித்தட்டில் எரிமலைக் கற்களை ஏற்றிக்கொண்டார். அந்தப் பாரம் லண்டன் செல்சீ மூலிகைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. லண்டன் கோபுரக் கோட்டையில் கழித்துப்போட்ட பழங்கற்களையும் சேர்த்து 1773இல் ஒரு குன்று எழுப்பினார்கள். ஐரோப்பாவில் இன்றும் மிஞ்சியிருக்கும் பாறைத்தோட்டங்களில் இதுவே மூத்தது என்பார்கள்.

கல் வந்துவிட்டது. செடிக்கு அது எதற்கு என்று எல்லோருக்கும் புரிய நூறாண்டுக்கு மேல் ஆனது. 1882இல் லண்டனின் கியூ தாவரத் தோட்டம் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றையே கல்லால் அமைத்தது. ஃபிராங்க் கிரிஸ்ப் என்ற வழக்கறிஞரோ தன் ஃபிரையர் பார்க் மாளிகையில் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தைச் சின்னதாகக் கட்டிக்கொண்டார். கல்லை அடுக்கிக் காட்டும் இந்த மோகத்தை, 1907இல் வந்த தன் நூலில் தோட்டக்கலை எழுத்தாளர் ரெஜினால்ட் ஃபாரர் கிண்டலடித்தார். செடிக்காகத்தான் கல் என்பது அவர் கட்சி.

அதற்குச் சாட்சி சாக்ஸிஃப்ரேஜ் என்ற மலைச்செடி. தரையோடு ஒட்டி, வட்ட வட்டமாக அடுக்கிய சிறு இலைகள். வெள்ளி வகையில் இலை ஓரத்துத் துளைகளில் கசியும் நீர் காய்ந்து, சுண்ணாம்புப் பொட்டாக நிற்கும். ஆல்ப்ஸில் உறைபனி மாதக்கணக்கில் மூடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பனிக்கு அடியில் நனையாமல் உறங்கும். இங்கிலாந்தின் மழைக் குளிரில்தான் தண்டும் வேரும் சேரும் கழுத்தில் ஈரம் தங்கி அழுகும். அதனால் கல்லைப் பாதி புதைத்து, மழைநீர் வேருக்குப் போகும்படி உள்பக்கம் சாய்த்தார்கள். மண்ணில் சரளையைக் கலந்து, செடியின் கழுத்தைச் சுற்றியும் சரளையே பரப்பினார்கள். பாறை வெடிப்பில் வேர் குளிர்ச்சியாக இருக்கும், தலை காய்ந்திருக்கும். திருச்சி மலைக்கோட்டை மாதிரியான பாறையில் அரசங்கன்று பிழைப்பதும் இந்தக் கணக்கில்தான்.

திருச்சி வெயிலில் சாக்ஸிஃப்ரேஜ் நிற்காது. இரவிலும் தணியாத சூடு அதற்கு ஆகாது. ஆனால் ஸ்ரீரங்கத்து மொட்டைமாடியில் அடீனியம் வளர்ப்பவர்களுக்கு அதே பாடம் உதவும். சித்திரை வெயிலைத் தாங்கிய செடி ஐப்பசி அடைமழையில் அழுகுகிறதா? தொட்டி மண்ணில் பாதிக்குச் செங்கல் ஜல்லி கலந்து, கழுத்தடியில் மண்ணுக்குப் பதில் சிறுஜல்லியைப் பரப்புங்கள். கல்லுக்கு வேலை கொடுத்தால் அதுதான் பாறைத்தோட்டம். ஒரே ஒரு தொட்டியானாலும் சரி.