உலாவி நீட்சிகளும் தமிழும்: ஒரு சிறு வரலாறு

உலாவியில் சேர்க்கும் சிறு நிரலைத்தான் நீட்சி என்கிறோம். உலாவியில் இல்லாத ஒரு வசதியை அது தரும். இன்று தட்டச்சுக்கும் எழுத்துப்பிழை பார்ப்பதற்கும் அதைப் பயன்படுத்துகிறோம். ஒரு காலத்தில், இணையத்தில் தமிழைப் படிக்கவே அது தேவைப்பட்டது தெரியுமா?

1990களில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால் திரையில் வெறும் கிறுக்கல்தான் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் திஸ்கி உருவானது. 1999 சென்னை மாநாட்டில் டாம், டாப் குறியாக்கங்கள் வந்தன. 1991லேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தாலும், விண்டோஸ் 2000க்குப் பிறகுதான் அது மெல்லப் பரவியது.

இந்த இடைக்காலத்தில் கைகொடுத்தவை நீட்சிகள். 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 வெளியானது. அதற்கு எழுதப்பட்ட 'பத்மா' என்னும் நீட்சி, பழைய எழுத்துருவில் இருந்த பக்கங்களை அப்படியே ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது. 2010இல் குரோமிலும் நீட்சிகள் வந்தன. பின்னர் கூகள் உள்ளீட்டுக் கருவி நீட்சி வந்து, ஒலிப்படி தட்டினாலே தமிழ் எழுத்து வரும்படி செய்தது.

ஆனால், நீட்சிக்கு ஆயுள் குறைவு. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57 வந்ததும், பழைய முறையில் எழுதிய நீட்சிகள் எல்லாம் அதில் இயங்காமல் போயின. குரோமும் அண்மையில் தன் விதிகளை மாற்றிப் பல பழைய நீட்சிகளை முடக்கிவிட்டது. நீட்சி போனது, ஒருங்குறியில் எழுதியது மட்டும் நின்றது.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது இரண்டு. முதலாவது, உங்கள் பழைய தேர்வுத்தாள்களும் பயிற்சிகளும் இன்னும் பழைய எழுத்துருவில் இருந்தால், மாற்றும் கருவிகள் கிடைக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை படித்துப் பாருங்கள். ஒகர, ஓகார எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம். இரண்டாவது, நீட்சியைச் சேர்க்கும்போது அது கேட்கும் அனுமதியைப் படியுங்கள். 'எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று இருந்தால், நீங்கள் திறக்கும் மாணவர் மதிப்பெண் பட்டியலையும் அது பார்க்கலாம் என்று பொருள். வேலை முடிந்ததா? உடனே நீக்கிவிடுங்க.

மாணவர்களே, கட்டுரைக்கு ஒரு கருத்து: கருவி மாறும், பொதுத்தரம்தான் மொழியைக் காக்கும்.