பொய் சொல்லும் தொடுவானம்

சின்னசேலத்துக்கு வடமேற்கே கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. தெற்கே தள்ளிப் பச்சைமலை. இரண்டுக்கும் இடையே ஆத்தூர் வழியாகச் சேலம் போகும் ரயில் பாதை. கிழக்கே உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதை ஒன்று இன்னும் கிடக்கிறது. அங்கிருந்து மேற்கே வரும் சிறு விமானத்துக்குத் தெளிந்த நாளில் தண்டவாளமே வழிகாட்டி, தொடுவானமே ரசமட்டம். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் சேர்த்த தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியே சென்னைக்குக் கொண்டுவந்ததும் பெரும்பாலும் மண்ணைப் பார்த்துப் பறந்துதான். ஐப்பசி மேகம் மலையை மூடிவிட்டால் தண்டவாளமும் இல்லை, ரசமட்டமும் இல்லை.

அப்போது உடம்பை நம்பலாமே என்று தோன்றும். நம்பக்கூடாது. நிதானமாகச் சாய்ந்து திரும்பும் விமானத்தில் உட்கார்ந்திருப்பவரின் உட்காது, சற்று நேரத்தில் அந்தச் சாய்வையே நேர்நிலை என்று ஏற்றுக்கொள்ளும். கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் சோதித்தது. வெளிப்பார்வை மறைந்ததும் அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 வினாடி. இதற்கு மருந்தாக வந்ததுதான் சுழலியால் இயங்கும் செயற்கைத் தொடுவானம். 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில் மூடிய அறைக்குள்ளிருந்து கருவிகளை மட்டும் பார்த்து எழும்பி, பறந்து, இறங்கிக் காட்டினார். அந்தக் கருவியே பழுதானால்? ‘கருவிக் கோளாறு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறோம். அது பாதிக் காரணம் மட்டுமே என்பது என் எண்ணம்.

நம் நாட்டின் பெரிய சான்று சிறு விமானம் அல்ல. 1978 ஜனவரி 1 அன்று பம்பாயில் எழும்பிய ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’. இருட்டுக் கடலின் மேல் தொடுவானம் தெரியவில்லை. தலைமை விமானியின் செயற்கைத் தொடுவானம் வலப்புறச் சாய்வு காட்டி நின்றுவிட, அவர் இடப்புறம் சாய்த்துக்கொண்டே போனார். எழும்பி இரண்டு நிமிடம் ஆகுமுன் விமானம் கடலில் விழுந்தது. 213 பேர் மாண்டார்கள். அறையில் இன்னும் இரண்டு தொடுவானங்கள் இருந்தன. விசாரணையும், கருவி கெட்டதோடு நிற்காமல், மற்றக் கருவிகளைக் கொண்டு நிலையை மீட்கத் தவறியதைச் சுட்டியது.

பெரிய விமானத்துக்கு மூன்று உண்டு, சின்னதுக்கு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒற்றைத் தொடுவானம் உள்ள பழைய செஸ்னாக்களிலும், அது வெற்றிட பம்பால் ஓடும்போது, திரும்பலைக் காட்டும் கருவி பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடும். ஒன்று செத்தாலும் மற்றது பிழைக்கட்டும் என்றே அந்தப் பிரிவினை. சிக்கல் வேறு: சுழலி சத்தமில்லாமல் சாகும். வேகம் குறையக் குறைய மெல்லச் சாயும்; அந்தப் பொய் உண்மை போலவே இருக்கும்.

2000 அக்டோபர் 16 இரவு, மோசமான வானிலையில், மிசௌரி ஆளுநர் மெல் கார்னஹன் சென்ற செஸ்னா 335 விழுந்தது. இடப்பக்கத் தொடுவானம் பழுது; வலப்பக்கத்தில் நல்லது ஒன்று இருந்தது. அதைப் பார்க்கத் தலையைத் திருப்பத் திருப்ப விமானியின் திசையுணர்வு மேலும் குழம்பியிருக்கும் என்றார்கள் விசாரணையாளர்கள். திசைக்குழப்பம் முதற்காரணம், கருவிப் பழுதும் வானிலையும் துணைக்காரணங்கள். ஆனால் 2003இல் ஒரு ஜூரி, பம்ப் தயாரித்த நிறுவனமே பொறுப்பு என்று 40 லட்சம் டாலர் விதித்ததே? நீதிமன்றம் கேட்பது யார் பணம் கட்டுவது என்பதை. எம்பரர் அசோகா வழக்கில் இன்னோர் அமெரிக்க நீதிமன்றம் தயாரிப்பாளர்களை விடுவித்ததும் அதே கேள்விக்கான பதில்தான். எனினும் மிசௌரி என் வாதத்தைக் கொஞ்சம் திருத்துகிறது: மாற்றுக் கருவி இருந்தால் மட்டும் போதாது, அது கண்ணெதிரே இருக்க வேண்டும். சிறு விமானங்களில் விலை குறைந்த மின்னணுத் தொடுவானத்தைப் பொருத்த அமெரிக்கா வழிவிட்டது 2016இல்தான்.