ஹைதராபாத் பஸ்ஸில் ஒரு 'இசட்'

ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்து செட்டிலான நம்மாட்கள் எத்தனை பேர் கவனித்திருப்பீர்களோ தெரியாது. இங்கே ஆர்.டி.சி. பஸ்களின் நம்பர் பிளேட்டில் 'இசட்' என்ற எழுத்து இருக்கும். நம்மூர் அரசு பஸ்களில் 'என்' வருகிற மாதிரிதான். ஆனால் இந்த இசட்டுக்குப் பின்னால் ஒரு அம்மா இருக்கிறார்!

1930-ல் நிஜாம் அரசு தன் ராஜ்ஜியத்து ரயில்வேயை ஆங்கிலேயக் கம்பெனியிடமிருந்து விலைக்கு வாங்கியது. அந்த சமயத்தில் நாடு முழுக்க ரயில்காரர்களுக்கு ஒரே தலைவலி. தண்டவாளத்துக்குப் பக்கத்து ரோட்டிலேயே தனியார் பஸ்கள் ஓடி, பயணிகளை அள்ளிக்கொண்டு போயின. நிஜாம் அரசு என்ன செய்தது? ரயில்வேயையே பஸ் விடச் சொல்லிவிட்டது! 1932-ல் 27 பஸ்கள், 166 ஊழியர்களோடு ரயில்வேயின் ஒரு பிரிவாக ஆரம்பமானது இந்த பஸ் சர்வீஸ்.

பஸ்கள் ஸ்காட்லாந்தின் ஆல்பியன் கம்பெனி தயாரிப்பு. நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் தன் தாயார் ஜெஹ்ரா பேகத்தின் பெயரை பஸ்ஸில் போட ஆசைப்பட்டார், முழுப்பெயர் சரிப்படாது என்று முதல் எழுத்தை மட்டும் பதிவு எண்ணில் சேர்த்தார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

ஆல்பியனுக்கும் நமக்கும் தூரத்து உறவு உண்டு. 1951-ல் அதை வாங்கியது லேலண்ட். அதே லேலண்ட்தான் பிறகு நம்ம எண்ணூர் அசோக் மோட்டார்ஸோடு கைகோத்து அசோக் லேலண்ட் ஆனது.

அந்த 1932 ஆல்பியன்களில் ஒன்றைப் புதுப்பித்து, முஷீராபாத் பஸ் பவனில் காட்சிக்கு வைத்தார்கள். பெயர் 'டெக்கான் க்வீன்' (புனே ரயில் இல்லை!). இது தப்பியதே அதிசயம். ஓடித் தேய்ந்த பஸ்ஸை ஏலம் விட்டு, உடைத்து, இரும்பு விலைக்குப் போடுவதுதானே எந்த ஊரிலும் வழக்கம்? அரண்மனைக் காரைப் பாதுகாக்க ஆள் உண்டு, டிக்கெட் வாங்கி ஏறின பஸ்ஸுக்கு யார் இருக்கிறார்கள்?

அந்தக் காலத்து பஸ்ஸைப் புதுப்பிப்பதும் லேசான வேலை இல்லை. மரச் சட்டத்தின் மேல் தகடு அடித்த பாடி. மரம் உளுத்துப் போகும், தகடு துருப்பிடிக்கும். கம்பெனி வண்டி தயாரிப்பதையே நிறுத்திவிட்டதால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்காது, லேத்தில் கடைந்துதான் செய்ய வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் நிற்பது பழைய பஸ்தானா?

எனக்கு பதில் அந்த நம்பர் பிளேட்டில் இருப்பதாகத் தோன்றுகிறது. 1948-ல் நிஜாம் ஆட்சி முடிந்தது. 1951-ல் பஸ்கள் ரயில்வேயிடமிருந்து பிரிந்து மாநில அரசிடம் வந்தன. 1956-ல் ஆந்திரப் பிரதேசம், 1958-ல் ஆர்.டி.சி., 2014-ல் தெலங்கானா. முன்னால் இருக்கும் எழுத்துகள் 'ஏ.பி.', 'டி.எஸ்.', 'டி.ஜி.' என்று மாறிக்கொண்டே வந்தன. பின்னால் இருக்கும் இசட்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ராஜா போனார், ராஜ்ஜியம் போனது, ஆனால் ஜனங்களுக்கு பஸ் விடும் வேலை நிற்கவில்லை. பஸ் பவன் பஸ் அதற்கு சாட்சி.

அடுத்த தடவை குழந்தைகளோடு ஆர்.டி.சி. பஸ் ஏறும்போது நம்பர் பிளேட்டைக் காட்டுங்கள். மியூசியத்தில் இருக்க வேண்டிய எழுத்து, இன்னமும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.