ஒரு கீறலும் ஓர் ஆட்சியாண்டும்

மதுரையில் நாற்பதாண்டுகளுக்குச் சற்றே மேலாக நிலவிய சுல்தான்களின் ஆட்சியைப் பற்றி எழுதப் புகுவோர்க்குக் கைக்கொடுக்கும் சான்றுகள் மிகச் சிலவே. இப்னு பதூதா மஅபர் கரையில் வந்திறங்கி, தம் சகலரான சுல்தான் கியாதுத்தீன் தாமகானியின் அவையில் தங்கிச் சென்ற செய்திகள் அவருடைய பயண நூலில் உள்ளன. கங்காதேவி இயற்றிய 'மதுரா விஜயம்' எதிர்த்தரப்பின் வெற்றிக் காவியம். தில்லியின் வரலாற்றாசிரியர்கள் மதுரையைப் பற்றிச் சொல்வன போகிற போக்கில் சொன்னவை. இவற்றைக் கழித்துவிட்டால் எஞ்சி நிற்பவை காசுகள். பெரும்பாலும் விரல்நுனியளவே ஆன செப்புக் காசுகள்.

அக்காசுகள் சொல்வது கொஞ்சமன்று. இப்னு பதூதா மதுரையை விட்டு நீங்கும்போது அரியணையில் இருந்தவர் நாசிருத்தீன். அவருக்குப் பின் வந்த ஆதில் ஷா, ஃபக்ருத்தீன் முபாரக் ஷா, அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா ஆகிய மூவரையும் நாம் அறிவது முதன்மையாகக் காசுகளைக் கொண்டுதான். 1895-இல் ராட்ஜர்ஸும், 1909-இல் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக முன்னர்ப் பணியாற்றிய ஹுல்ட்ஷும் அவற்றைப் படித்து வெளியிட்டிராவிடில், அம்மூவரின் வரிசையை எவரும் இன்று எழுதியிருக்க இயலாது. குமார கம்பணர் மதுரையை வென்றதோடு சுல்தான்களின் கதை முடிந்துவிட்டதாகப் பள்ளிப் பாடநூல்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. கோபணாரியர் அரங்கநாதரைத் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்ததைக் கூறும் கல்வெட்டு 1371-ஆம் ஆண்டினது. ஆனால் சிக்கந்தர் ஷாவின் காசு ஒன்றில் ஹிஜ்ரி 779 என்னும் ஆண்டு உள்ளது. அஃதாவது 1377-78. திருவரங்க விழாவுக்குப் பின்னும் ஆறேழு ஆண்டுகள் எங்கோ ஓர் அக்கசாலையில் சுல்தானின் பெயரால் அச்சு இறங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு, அந்தச் சிறு செம்பு வில்லையைவிட வலிய சாட்சி வேறில்லை.

இன்னொன்றையும் ஈண்டுச் சொல்ல வேண்டும். நாசிருத்தீனின் காசுகள் ஹிஜ்ரி 745-ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. ஆதில் ஷாவின் காசு 757-இல் தொடங்குகிறது. இடைப்பட்ட பதினோராண்டுகளில் மதுரையை ஆண்டவர் யார்? ஒருவரா, இருவரா, எவருமே இல்லையா? காவியமும் சொல்லவில்லை, பயணியும் சொல்லவில்லை. விடை வருமானால் ஒரு காசின் விளிம்பிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் காசு நாளை மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ வாழும் ஒரு சேகரிப்பாளரின் கதவடியில் ஓர் அஞ்சலுறையில் வந்து விழவும் கூடும். அது எந்த நிலையில் வந்து விழுகிறது என்பதே என் கவலை.

அரபு எழுத்தில் ஆண்டு எப்படி எழுதப்படுகிறது என்பதை அறிந்தவர்க்கு இக்கவலையின் அளவு புரியும். ஏழைக் குறிக்கும் 'ஸப்உ' என்ற சொல்லும், ஒன்பதைக் குறிக்கும் 'திஸ்உ' என்ற சொல்லும் புள்ளிகளை நீக்கிவிட்டால் ஒரே வடிவம். நான்கு சிறு பற்கள், அவற்றின் முடிவில் ஓர் 'ஐன்'. எழுபதும் தொண்ணூறும் அவ்வாறே. காசுகளில் அச்சு வெட்டியவர் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. இட்டிருந்தாலும் அது ஊசிமுனை அளவே. அச்சைவிடத் தகடு சிறியதாகையால் ஆண்டின் பாதி பல காசுகளில் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. உள்ளே அகப்பட்ட பாதிக்குத்தான் இத்தனை மதிப்பும். அதன் குறுக்கே ஓர் ஊசி உராய்ந்து போனால் நான்கு பற்கள் மூன்றாகும். கீறலே ஐந்தாவது பல்லாகவும் தோன்றும். நாணயவியலில் விளிம்பே சிறப்பிடம். அடிபடுவதும் முதலில் விளிம்பே.

இத்தகைய காசுகள் சென்னைக்கு வரும் வழி நெடியது. ஆற்று மணலில் அரிப்பவர், உழவர், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுபவர் ஆகியோர் கையில் அவை முதலில் அகப்படுகின்றன. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள கண்டெடுப்பை அரசுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்போர் சிலரே. எஞ்சியோர் அச்சத்தால் பழைய பாத்திர வணிகரிடம் எடைக்குப் போட்டுவிடுகின்றனர். உருக்குக் குகைக்குப் போகாமல் தப்பியது வணிகர் கைக்கு வரும். அங்கே அதற்கு முதற் குளியல் நடக்கிறது. புளியைக் கரைத்து, மணலோ சாம்பலோ சேர்த்து, வீட்டுச் செம்புக் குடத்தைத் துலக்குவது போலத் தேய்த்துவிடுகின்றனர். குடத்துக்கு அது நல்லது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்த செப்புக் காசிலோ, அன்றைய மேற்பரப்பும் எழுத்தின் கூர்மையும் பல வேளைகளில் அந்தப் பச்சைக் களிம்புப் படலத்துக்குள்ளேதான் தங்கியிருக்கின்றன. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும்போது எழுத்தும் கரைந்து போகிறது. பளபளப்பான ஒரு வட்டத் தகடு மிஞ்சும். வாங்குவோரும் பளபளப்புக்கே கூடுதல் விலை தருவதால் இதில் வணிகரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது.

அதற்குப் பிறகு அஞ்சல். மயிலாப்பூரில் வாழும் நண்பர் ஒருவர், வெளியூர் வணிகர் ஒருவரிடம் கைப்பேசிப் படம் பார்த்து மதுரை சுல்தான் காசு ஒன்றை வாங்கினார். படத்தில் ஆண்டு தெளிவாகவே இருந்தது. வந்தது ஒரு பழுப்பு நிற உறை. உள்ளே செய்தித்தாள் துண்டில் மடித்த இரண்டு காசுகள். நண்பர் வாங்கிய செப்புக் காசும், அன்பளிப்பாகச் சேர்த்த பிற்கால வெள்ளிக் காசு ஒன்றும். மடிப்பு பிரியாமல் இருக்க வேண்டுமென்று ஸ்டேப்ளர் ஊசி இரண்டை அடித்திருந்தார் வணிகர். வழிநெடுக இரு காசுகளும் ஒன்றையொன்று அறைந்துகொண்டே வந்திருக்கின்றன. அத்துடன் ஊசியின் முனை செப்புக் காசின் ஓரத்தில் பளிச்சென ஒரு சிவப்புக் கோட்டை இழுத்திருந்தது. நல்லவேளையாக அது அரிய ஆண்டன்று. அதே ஆண்டுக் காசுகள் பல உள்ளன. நண்பர் எழுதிக் கேட்டதற்கு வந்த மறுமொழிதான் என் நெஞ்சில் நிற்கிறது: 'எடை குறையவில்லையே, ஐயா!'

எடை குறையவில்லை என்பது உண்மையே. சராபுக் கடையில் அது போதுமான விடையும் ஆகும். பழங்காலத்தில் காசைச் சோதித்தவர்கள் வேண்டுமென்றே அதில் வெட்டும் முத்திரையும் இட்டதுண்டு. 1742-இல் ஆர்க்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையைக் கும்பினியார் பெற்ற பிறகு சென்னையில் வெளிவந்த ரூபாய்கள் பலவற்றில் சராபுகளின் சிறு குறிகளைக் காணலாம். தாமரை முத்திரையும், மாறாமல் நின்ற 1172 என்னும் ஹிஜ்ரி ஆண்டும் அவற்றுக்கு அடையாளம். அந்த வெட்டுகளை நான் சேதமாகக் கருதுவதில்லை. இந்தக் காசு இன்னார் கைவழி போயிற்று, வெள்ளி நல்லதென்று ஒப்பப்பட்டது என அவை சொல்கின்றன, அவையும் எழுத்தே. ஸ்டேப்ளர் ஊசி எதையும் சொல்வதில்லை.

பழையவர்கள் காசைக் கையாளத் தெரியாதவர்கள் அல்லர். தென்னாட்டுப் பொன்பணம் அரைக் கிராம் எடைகூட இராது, மூச்சுக்காற்றில் பறந்துவிடும். திருவிதாங்கூர்ப் பக்கத்தில் அதனை எண்ணுவதற்கென்றே பலகை இருந்தது. வரிசை வரிசையாகக் குழி தோண்டிய அப்பலகையில் பணத்தைக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாய் உட்காரும். மிகுந்ததை வழித்துவிட்டால் நூறோ இருநூறோ கணக்காக நிற்கும். ஒரு காசுக்கு ஓர் இடம், ஒன்று மற்றொன்றைத் தீண்டலாகாது என்னும் இன்றைய நாணயவியல் விதி அன்றைக்கே மரத்தில் செதுக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய நோக்கம் வேறு என்பது வேறு செய்தி.

நன்றாகக் கட்டுவதாக எண்ணிக் கெடுப்பவர்களும் உண்டு. பி.வி.சி. எனப்படும் மென்மையான பிளாஸ்டிக் உறை கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். நாளாக நாளாக அதிலிருந்து கசியும் பொருள்கள் காசின்மேல் பசை போன்ற பச்சைப் படலத்தை உண்டாக்குகின்றன, அமிலமும் வெளிப்படுகிறது. ரப்பர் பட்டையிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஒட்டும் நாடாவைக் காசின் மேலேயே ஒட்டி அனுப்புவோரைப் பற்றி என்ன சொல்வது! மயிலையும் அடையாறும் கடலோரப் பகுதிகள். காற்றில் உப்பும் ஈரமும் ஆண்டு முழுவதும் உண்டு. செம்பில் குளோரைடு இறங்கி ஈரம் சேர்ந்தால் 'வெண்கல நோய்' தொடங்குகிறது. வெளிறிய பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகத் தோன்றும். துடைத்தாலும் மறுபடி வரும். உள்ளிருந்தே அரித்துக்கொண்டு போகும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் பரமசிவன் தொடங்கிய வேதியியல் ஆய்வகம் வெண்கலப் படிமங்களில் இந்நோயைக் கண்டே மருத்துவம் செய்யப் புகுந்தது. படிமத்தில் ஓரங்குலம் அரித்தாலும் உருவம் எஞ்சும். காசிலோ அரை மில்லி மீட்டர் அரித்தாலே சுல்தான் மறைந்துவிடுவார்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தபோது போனவை கணக்கில. அத்தகைய பேரிடரை எவரும் தடுக்க முடியாது. அஞ்சலுறையில் நேரும் அழிவைத் தடுக்கச் செலவு சில ரூபாயே. பாலியெஸ்டர் உறை ஒன்றில் காசு ஒன்று. கெட்டியான இரு அட்டைகளுக்கு நடுவே, அசையாதபடி. ஊசி வேண்டியதில்லை, அட்டைகளின் ஓரத்தை நாடாவால் ஒட்டினால் போதும். எல்லாவற்றையும் ஒரு சிறு பெட்டிக்குள் வைத்தால் அஞ்சலகத்து முத்திரையின் அடியும் தாங்கும். திறப்பவரும் கத்தியை உள்ளே செலுத்தாமல் ஓரத்தைப் பார்த்து வெட்ட வேண்டும். பாதிக் கீறல்கள் திறக்கும்போதே விழுகின்றன.

இவ்வளவும் செய்தாலும் ஒன்று தப்பிப் போகிறது. காசு எங்கே கிடைத்தது, எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்னும் செய்தி அது. 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி 'பெருவழுதி' என்னும் தமிழ்ப் பிராமி எழுத்துடைய செப்புக் காசை அடையாளங்கண்டபோது, இலக்கியத்தில் மட்டும் நின்ற ஒரு பாண்டியப் பெயர் உலோகத்தில் எழுந்து வந்தது. அந்த ஒரு காசே தன் பெயரைச் சொல்லிற்று. எல்லாக் காசும் அவ்வாறு சொல்வதில்லை. ஆண்டு விளிம்புக்கு வெளியே போய்விட்ட ஒரு மதுரைக் காசைக் காலப்படுத்த, அதனுடன் ஒரே பானையில் கிடந்த மற்றக் காசுகளே துணை. ஔரங்கசேப் காலத்தில் மயிலாப்பூரின் பெயராலேயே முகலாய ரூபாய் அடிக்கப்பட்டதுண்டு. அவற்றுள்ளும் அக்கசாலைப் பெயர் வெட்டுப்பட்டுப் போனவை பல. அவற்றை இனங்காண உடன்கிடந்தவற்றையே பார்க்க வேண்டும். வணிகரோ பானையைப் பத்து உறைகளாகப் பிரித்துப் பத்து ஊர்களுக்கு அனுப்பிவிடுகிறார். 'பானை எண் இன்னது, ஊர் இன்னது, மொத்தம் இத்தனை' என்று ஒரு துண்டுச் சீட்டை உறையில் வைப்பதற்கு ஊசியும் தேவையில்லை, செலவும் இல்லை. நான் பார்த்த நூற்றுக்கணக்கான உறைகளில் அத்தகைய சீட்டு இரண்டில்தான் இருந்தது. ஒன்றில் ஊர்ப் பெயரின் மேல் பசை கொட்டியிருந்தது. மற்றொன்றில் 'திருமங்கலம் பக்கம்' என்று பென்சிலால் எழுதியிருந்தது.