புலி வேட்டைக்குப் போன பிள்ளை

கோமிங்டாங் கட்சி தன் கதையைச் சொல்லிக்கொள்ளும் அழகே தனி. 1949-ல் தைவானுக்கு வந்தோம். உழுதவனுக்கு நிலம் கொடுத்தோம். ஆலை கட்டினோம், சாலை போட்டோம். மக்கள் படித்து, நாலு காசு பார்த்து நிமிர்ந்ததும் 1987 ஜூலை 15-ல் ராணுவச் சட்டத்தை விலக்கி ஜனநாயகத்தையும் கொடுத்தோம். முதலில் சோறு, பிறகு சுதந்திரம். இரண்டையும் பரிமாறியது ஒரே கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் பாதி உண்மையும்கூட.

இந்த வாரம் அந்த ஜூலை 15-க்கு வந்துவிடுவோம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வருவோம். ஆனால் 38 ஆண்டு நீடித்த ராணுவச் சட்டத்தை முடித்துவைத்த சியாங் சிங்-குவோ என்ற மனிதரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கோமிங்டாங் தலைவர் சியாங் கை-ஷேக்கின் மூத்த மகன், ரகசியப் போலீஸின் தலைவர், கடைசியில் சீர்திருத்தவாதி. கட்சியின் வரலாற்றில் இவருக்குப் பக்கம் பக்கமாகப் புகழ்மாலை உண்டு. ஆனால் 1948-ல் ஷாங்காயில் இவர் கழித்த இரண்டரை மாதத்தை மட்டும் அந்தப் புகழ்மாலை வேகமாகக் கடந்துவிடும். தைவான் கதை தொடங்குகிற இடமே அதுதான் என்பது என் கட்சி.

பதினைந்து வயதில், 1925-ல், பையன் மாஸ்கோவுக்குப் போனான். அங்கே கோமிங்டாங்கை நிறுவிய சன் யாட்-சென் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் நடந்துகொண்டிருந்தது. சீனப் புரட்சிக்கு ஆள் தயாரிக்கும் இடம். அங்கே படித்தவர்களில் டெங் சியாவோபிங்கும் ஒருவர். பின்னாளில் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆளப்போகிற இருவர் ஒரே கூரையின் கீழ் லெனின் பாடம் படித்தார்கள். 1927-ல் அப்பா ஷாங்காயில் கம்யூனிஸ்டுகளைக் கொன்று குவித்தார். மகன் மாஸ்கோவிலிருந்து அப்பாவைப் புரட்சியின் துரோகி என்று பகிரங்கமாகச் சாடினான். மனதாரச் சொன்னானா, கழுத்தில் கத்தி இருந்ததா என்று இன்றுவரை விவாதம் ஓடுகிறது. எதுவாயினும், ஸ்டாலின் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பல்கலைக்கழகம் போய், வயல்வேலை, சைபீரியாவில் சுரங்கம், பிறகு யூரல் மலைப் பக்கம் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் கனரக இயந்திர ஆலை. அங்கேதான் ஃபைனா என்ற அநாதைப் பெண் தொழிலாளியைக் காதலித்து 1935-ல் மணந்தார். 1937-ல் ஊர் திரும்பியபோது அவருக்குச் சீனத்தைவிட ரஷ்ய மொழி சரளமாக வந்ததாகச் சொல்வார்கள். அப்பா செய்த முதல் காரியம், மகனை உட்காரவைத்துப் பழைய சீன நூல்களைப் படிக்கச் சொன்னது. பன்னிரண்டு வருஷப் போல்ஷெவிக் பாடத்தைக் கன்ஃபூசியஸ் கழுவிவிடுவார் என்று நம்பினார் போலிருக்கிறது. கழுவவில்லை, நல்லவேளை, கெட்டவேளையும்தான்.

இனி ஷாங்காய்.

1948-ல் சீன நாணயம் காகிதக் குப்பையாகிவிட்டது. ஆகஸ்ட் 19-ல் அரசு 'தங்க யுவான்' என்ற புது நோட்டை இறக்கியது. பழைய நோட்டில் 30 லட்சம் கொடுத்தால் புதிதில் ஒன்று. நான்கு தங்க யுவானுக்கு ஓர் அமெரிக்க டாலர். ஜனங்கள் கையிலிருக்கும் தங்கம், வெள்ளி, டாலர் எல்லாவற்றையும் கெடுவுக்குள் வங்கியில் ஒப்படைத்துப் புது நோட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாப் பொருளின் விலையும் ஆகஸ்ட் 19 அன்று இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பெயரில்தான் தங்கம், நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துத் தங்கம் கேட்டால் கிடைக்காது.

இதை நாட்டின் வணிகத் தலைநகரில் நடத்திக்காட்ட அனுப்பப்பட்டவர் முப்பத்தெட்டு வயது சியாங் சிங்-குவோ. வந்தவர் மாஸ்கோவில் கற்றதையெல்லாம் கடைவிரித்தார். இளைஞர் படை திரட்டினார். கிடங்குகளில் சோதனை போட்டார். பதுக்கல்காரர்களைப் பற்றித் துப்புச் சொல்லப் பொதுமக்களுக்கு வழி திறந்தார். தாம் அடிக்க வந்தது ஈக்களை அல்ல, புலிகளை என்று அறிவித்தார். நகரம் இந்த நடவடிக்கைக்குப் 'புலி வேட்டை' என்று பெயர் வைத்தது. ஒரு பெரிய வணிகர் சுட்டுக் கொல்லப்பட்டார். கிடங்குக்காரர்களும் அரசு அதிகாரிகளும் கைதாக, சாதாரண ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டியதோடு நிற்காமல், கல்யாண மோதிரத்தையும் காதுத்தோட்டையும் எடுத்துக்கொண்டு மத்திய வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். சிறுசேமிப்புக்காரர்கள்தான் அரசை நம்பினார்கள். எந்த ஊரிலும் அவர்கள்தானே நம்புவார்கள்!

பிறகு ஒரு நிஜப் புலியின் வாலில் கைவைத்தார். து யூவேஷெங் என்பவர் ஷாங்காயின் பச்சைக் கும்பலுக்குத் தலைவர். அபின் கடத்தலில் எழுந்து வங்கி இயக்குநராக உயர்ந்தவர். 1927 படுகொலையில் சியாங் கை-ஷேக்குக்குக் கூலிப்படை கொடுத்தவர். அப்பாவுக்கு அத்தனை வேண்டியவரின் மகனையே பிடித்து உள்ளே போட்டார் சிங்-குவோ. நகரம் வாயடைத்துப் போனது. ஆனால் து கிழவர் சும்மா இருப்பாரா? கூட்டம் ஒன்றில் எழுந்து, என் பிள்ளை குற்றம் செய்திருந்தால் தண்டியுங்கள், அப்படியே யாங்ட்ஸி நிறுவனத்தின் கிடங்கையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள் என்ற பொருளில் மரியாதையாகக் கேட்டார் என்பார்கள். சீன ரவுடிகளின் கதைகளில் எனக்குப் பிடித்த காட்சி இதுதான். கையைக் கூட ஓங்காமல் அடித்த அடி.

யாங்ட்ஸி நிறுவனம் குங் லிங்-கான் உடையது. அவர் முன்னாள் நிதியமைச்சர் ஹெச்.ஹெச்.குங்கின் மகன். தாயார் சூங் குடும்பத்து மூத்த சகோதரி. அந்தத் தாயாரின் தங்கைதான் சியாங் கை-ஷேக்கின் மனைவி சூங் மெய்-லிங். சிங்-குவோவுக்கு மெய்-லிங் மாற்றாந்தாய், ஆகவே குங் பெரியம்மா பிள்ளை, தம்பி முறை. கிடங்கைத் திறந்தார்கள். கார்களும் கம்பளித் துணிப் பெட்டிகளும் குவிந்து கிடந்தன. பத்திரிகைகள் எழுதித் தள்ளின. மெய்-லிங் கணவரை அழைத்தார். வடக்கே மஞ்சூரியாவில் கம்யூனிஸ்டுகளோடு நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் போர் நடந்துகொண்டிருந்த அக்டோபர் மாதம். பேய்ப்பிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இருந்து போரை நடத்திய தலைமைத் தளபதி, மனைவியின் அக்கா மகனைக் காப்பாற்ற விமானம் ஏறி ஷாங்காய் வந்தார். வழக்கு ஆவியானது. தம்பி நாட்டை விட்டே போனார்.

அன்றோடு புலி வேட்டை முடிந்தது. விலைக் கட்டுப்பாட்டை யாரும் மதிக்கவில்லை. ஜனங்கள் கையிலிருந்த நோட்டைப் பொருளாக்கக் கடைகளை மொய்த்து அலமாரிகளைக் காலி செய்தார்கள். நகரத்துக்குள் அரிசி வரவில்லை. நவம்பர் தொடக்கத்தில் கட்டுப்பாடு கைவிடப்பட, சிங்-குவோ பதவி விலகி, ஷாங்காய் மக்களிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் வெளியிட்டார். தங்க யுவான் அடுத்த சில மாதங்களில் பழைய நோட்டின் வழியே போனது. மோதிரத்தைக் கொடுத்தவர்களுக்கு மிஞ்சியது காகிதம்.

மோதிரங்கள் எங்கே போயின? 1948 டிசம்பரிலிருந்து மத்திய வங்கியின் தங்கம் தவணை தவணையாகக் கப்பலில் தைவானுக்குப் போனது. அதை நகர்த்தும் வேலையிலும் சிங்-குவோவுக்குப் பங்கு உண்டு. 1949 ஜூனில், 40,000 பழைய தைவான் டாலருக்கு ஒன்று என்று வெளியான புதிய தைவான் டாலரின் முதுகுக்குப் பின்னால் நின்றது அந்தத் தங்கத்தின் ஒரு பகுதிதான். தைவானின் வளர்ச்சிக் கதையில் அமெரிக்க உதவிக்கு ஓர் அத்தியாயம் உண்டு. ஷாங்காய்க் காதுத்தோடுகளுக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.

நில சீர்திருத்தத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1949-ல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றார்கள். அதுவரை பாதியும் அதற்கு மேலும் போய்க்கொண்டிருந்தது. 1951-ல் ஜப்பானியர் விட்டுப்போன அரசு நிலத்தை விற்றார்கள். 1953-ல் மிகை நிலத்தை வாங்கி உழவருக்குக் கொடுத்தார்கள். நிலக்காரர்களுக்கு ஈடு, எழுபது சதவீதம் நெல்லிலும் சர்க்கரைவள்ளியிலும் கணக்கிட்ட பத்திரமாக, மீதி நான்கு அரசு நிறுவனங்களின் பங்காக. சிமென்ட் கம்பெனி ஒன்று அதில் சேர்த்தி. அருமையான வேலை, மறுக்கவே மாட்டேன். ஆனால் சீனாவில் இருபது வருஷம் ஆண்டபோது இதே கட்சி இதைச் செய்யாதது ஏன்? அங்கே நிலக்காரன் கட்சிக்காரனின் மாமன், மச்சான், சம்பந்தி. தைவானில் அவன் யாரோ. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! போதாக்குறைக்கு 1947 பிப்ரவரி 28 கலவரத்தைத் தொடர்ந்து கட்சியின் ராணுவம் தைவானில் நடத்திய படுகொலைகளுக்குப் பிறகு, அந்த யாரோ வாய் திறக்கத் துணியவில்லை. குங் தம்பி இல்லாத ஊரில் புலி வேட்டை சுலபம். கட்சி இதைத் தொலைநோக்கு என்று எழுதிக்கொள்கிறது.

சிங்-குவோ தைவானில் முதலில் கட்டியது சாலையல்ல, உளவு வலை. ராணுவத்தில் அரசியல் ஆணையர்கள், கட்சியில் மாஸ்கோ பாணிக் கிளைகள், பசுமைத் தீவில் சிறை. ஆயிரக்கணக்கில் ஆட்கள் உள்ளே போனார்கள், பலர் சுடப்பட்டார்கள். எதிர்க்கட்சி தொடங்கப் பார்த்த பத்திரிகையாளர் லெய் சென் 1960-ல் கைதாகிப் பத்து வருஷம் கம்பி எண்ணினார். அவரும் பழைய கோமிங்டாங்காரர்தான். பிறகு 1972-ல் பிரதமரானதும் அதே சிங்-குவோ சாதாரணச் சட்டையும் தொப்பியுமாகக் கிராமம் கிராமமாகப் போனார்; பெருஞ்சாலை, விமான நிலையம், இரும்பாலை, துறைமுகம் என்று பத்துப் பெருந்திட்டங்களை எழுப்பினார். எனக்கு அவர் மேல் ஒரு மயக்கம் உண்டு என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஆனாலும் லெய் சென்னை அந்தப் பெருஞ்சாலை ஈடுகட்டாது.

ஜூலை 15-க்கு வருகிறேன், இடம் குறைவு.

1979 டிசம்பர் 10, மனித உரிமை நாளில் காவோசியுங் நகரில் எதிரணியின் ஃபார்மோசா இதழ்க்காரர்கள் நடத்திய கூட்டம் மோதலில் முடிந்து தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 1984-ல் சிங்-குவோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹென்றி லியூ கலிஃபோர்னியாவில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏவியது தைவான் ராணுவ உளவுத் துறையின் தலைவர் என்று தைவான் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. வாஷிங்டன் முகம் சுளித்தது. 1985-ல் அதிபர் சிங்-குவோ, தம் குடும்பத்தில் யாரும் அடுத்த அதிபராக மாட்டார்கள் என்றார். 1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் ஓடினார். செப்டம்பர் 28-ல், கட்சி தொடங்கினால் சிறை என்ற சட்டம் இருக்கும்போதே, எதிரணியினர் தைபேயில் கூடி ஜனநாயக முற்போக்குக் கட்சியை அறிவித்தார்கள். கூடிய இடம் கிராண்ட் ஹோட்டல். சூங் மெய்-லிங்கின் முயற்சியில் எழுந்த மாளிகை அது. உளவுத் துறை கைதுப் பட்டியலோடு நின்றது. சர்க்கரை நோயில் உடல் தளர்ந்து, சக்கர நாற்காலியில் இருந்த சிங்-குவோ கைது வேண்டாம் என்றார். அடுத்த வாரமே வாஷிங்டன் போஸ்ட் நிறுவனத் தலைவர் கேத்தரின் கிரஹாமிடம், ராணுவச் சட்டம் விரைவில் போகும் என்று சொன்னார்.

ஆக, கட்சி 'கொடுத்த' ஜனநாயகத்தில் முதல் அடியை எடுத்துவைத்தவர்கள் சிறைக்குத் துணிந்து ஹோட்டலில் கூடியவர்கள். சிங்-குவோ செய்தது, அவர்களைச் சுடாமல் இருந்தது. ரகசியப் போலீஸ் நடத்திய ஒருவரிடம் அது சிறிய காரியமல்ல என்று நான் நினைக்கிறேன். என்னோடு சண்டைக்கு வரும் தைவான்காரர்கள் நிறைய இருப்பார்கள்.

1987 ஜூலை 15-ல் ராணுவச் சட்டம் போனது. அதே நாளில் புதிய தேசியப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. 1947-48-ல் சீனாவில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதற்குப் பிறகு மறுதேர்தலே பார்க்காத கிழ உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தே இருந்தார்கள். 1988 ஜனவரி 13-ல் சிங்-குவோ இறந்தார். அன்றே அதிபராகப் பதவியேற்ற துணை அதிபர், தைவானிலேயே பிறந்த வேளாண் பொருளாதார அறிஞர் லீ டெங்-ஹுய். இவர் பொம்மையாக இருப்பார் என்று நம்பிய கட்சிப் பெரியவர்களுக்கு என்ன ஆயிற்று, அந்தக் கிழ உறுப்பினர்களை எழுப்பிவிட மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பது அடுத்த இதழில்.