டிக்... டிக்... ஐந்தொகை!

காரைக்குடிப் பக்கம் ஒரு நண்பர். அவருடைய ஐயா பர்மாவில் கொண்டுவிற்ற காலத்துக் கணக்கு நோட்டுகள் மரப்பெட்டி நிறைய இருந்தன. பேரன் பொறுப்பானவர். ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அதோடு விட்டிருக்கலாம். ‘அதான் ஏத்தியாச்சே’ என்று நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்!

ஒருநாள் காலையில் எனக்கு போன். “அண்ணே, கம்ப்யூட்டர் உள்ளேருந்து டிக் டிக்குனு சத்தம் வருது. ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல. பதினஞ்சு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்.”

பதினைந்து தடவை! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஹார்ட் டிஸ்க் பிறந்ததே கணக்கு எழுதத்தான். 1956-ல் ஐ.பி.எம். வெளியிட்ட ‘ராமாக் 305’ கம்ப்யூட்டரில்தான் அது முதன்முதலில் வந்தது. ‘ராமாக்’ என்ற பெயரின் விரிவிலேயே ‘அக்கவுன்டிங்’ என்ற வார்த்தை உண்டு (பி.காம். படித்தவனுக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம்). அதுவரை துளையிட்ட அட்டைகளை வரிசையாக ஓட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ராமாக்கிலோ, கணக்குப்பிள்ளை பேரேட்டைச் சட்டென்று பிரிப்பதுபோல, எந்தக் கணக்கையும் நேரடியாக எடுக்கலாம். 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. இவ்வளவுக்கும் உள்ளே அடங்கியது 50 லட்சம் எழுத்துகள்தான்! இன்று செல்போனில் எடுக்கும் இரண்டு போட்டோவுக்குக்கூடப் போதாது.

எழுத்தைப் படிக்கும் ‘ஹெட்’, தட்டைத் தொடக் கூடாது. ராமாக்கில் காற்றை ஊதி அதைத் தள்ளி நிறுத்தினார்கள். இன்றைய டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்ற, அந்தக் காற்றிலேயே ஹெட் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர். சிகரெட் புகைத் துகள்கூட அந்தச் சந்தில் நுழையாது. ஹெட் தட்டில் உரசினால் எழுத்து அழிந்தது அழிந்ததுதான். ‘டிக் டிக்’ பெரும்பாலும் என்ன தெரியுமா? ஹெட் தன் இடம் தெரியாமல் தேடித் தேடித் திரும்புகிற சத்தம். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் இன்னும் கொஞ்சம் உரசக்கூடும்.

சத்தமே இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். முதலில் பவரை நிறுத்திவிட்டு ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் இருப்பதைக் கம்ப்யூட்டர் காட்டுகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால், ரிப்பேர் புரோகிராமை ஓட்டுவதற்கு முன் உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். ‘டிக் டிக்’ கேட்டால் மட்டும், உடனே நிறுத்துங்கள். மூடியைத் திறக்கவே கூடாது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இரண்டு பிரதியின் அருமை புதிதல்ல. ரங்கூனில் கடை நடத்திய ஏஜென்ட், அங்கே பேரேடு எழுதுவதோடு ஊரில் இருக்கும் முதலாளிக்கும் கணக்கு அனுப்புவார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த சுமார் ஒரு லட்சம் புத்தகங்களும் இதழ்களும் 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானபோது, அங்கே மைக்ரோஃபிலிமில் பிரதி எடுக்க ஆரம்பித்தார்கள். ஃபிலிமைப் படிக்க வெளிச்சமும் லென்ஸும் போதும். டிஸ்க்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நண்பரின் டிஸ்க்கை டேட்டா மீட்கும் ஓர் இடத்துக்கு அனுப்பினோம். பாதிப் பக்கங்கள் வந்தன. மீதி உரசலில் போயிற்று. செய்தியைச் சொன்னதும் அவருடைய ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அந்தப் பேப்பர்காரன் எந்த ஊருன்னு கேட்டியாப்பா?”